பாலம் இருக்கிறது, ஆள் தெரியவில்லை!

ஸ்ரீரங்கத்தில் உள்ள சிநேகிதருக்கு, "தெற்கு வீதி, 14-ம் நம்பர்" என்று மட்டும் விலாசம் எழுதி ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள். எந்தத் தெற்கு வீதி என்று தபால்காரர் கண்டுபிடிப்பது? கோயிலைச் சுற்றித் தெற்கு உத்திர வீதி இருக்கிறது. அதற்கு வெளியே தெற்குச் சித்திரை வீதி. அதற்கும் வெளியே தெற்கு அடையவளஞ்சான் வீதி. உத்திர வீதிக்காரர் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் "தெற்கு வீதி" என்றால் அது தெற்கு உத்திர வீதிதான். மேலே விளக்கம் தேவையில்லை. ஆனால் காவிரிக்கு இக்கரையில், திருச்சியில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. வீதியின் முழுப் பெயர், ஊர், 620006 என்ற பின்கோடு, அத்தனையும் எழுதியாக வேண்டும்.

கம்ப்யூட்டர்களுக்கும் இதே தொல்லை உண்டு என்றால் நம்புவீர்களா?

ஒரு கம்பெனிக்குள் இருக்கும் வரையில், "ஸ்டோர்" என்று கூப்பிட்டால் ஸ்டோர் கம்ப்யூட்டர் ஏனென்று கேட்கும். இரண்டு கம்பெனிகள் சேர்ந்து தொழில் நடத்தலாம் என்று தங்கள் கம்ப்யூட்டர்களை இணைத்துவிட்டார்களோ, போச்சு! வழி இருக்கிறது, வாசல் திறந்திருக்கிறது, கூப்பிட்ட பெயருக்கு மட்டும் பதில் இல்லை. இந்தச் சங்கடம் எங்கிருந்து வருகிறது, இதைத் தீர்க்கிறவர்கள் எப்படித் தீர்க்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

யாருக்குத் தெரியும்?

கம்ப்யூட்டரோடு கம்ப்யூட்டர் பேசுவது பெயரால் அல்ல, எண்ணால். 192.168.1.14 என்பது போல நான்கு துண்டாக எழுதும் எண். இதை ஐ.பி. எண் என்கிறார்கள். மனிதனுக்கோ எண் நினைவில் நிற்காது, பெயர்தான் நிற்கும். ஆகவே பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்ல நடுவில் ஒருவர் வேண்டும்.

ஆதியில் இந்த வேலையை ஒரே ஒரு பட்டியல் செய்துவந்தது. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் காரியாலயம் அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சேர்ந்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது அந்தப் பட்டியலைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். சில நூறு கம்ப்யூட்டர்கள் இருந்தவரை இது போதுமானதாக இருந்தது. பெருகப் பெருகப் பட்டியல் தாங்கவில்லை. 1983-ல் தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த பால் மோக்கபெட்ரிஸ் ஒரு யுக்தி செய்தார். எல்லாப் பெயரும் ஒருவருக்கே தெரிந்திருக்க வேண்டியதில்லை. யாருக்குத் தெரியும் என்பது தெரிந்தால் போதும்! அதுதான் 'டொமைன் நேம் சிஸ்டம்'. சுருக்கமாக டி.என்.எஸ்.

நம் தபால் இலாகா செய்வதும் இதுவேதான். டில்லியில் கடிதங்களைப் பிரிக்கிறவருக்கு உத்திர வீதி எங்கே என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். 6 என்று தொடங்கினால் தெற்கே அனுப்புவார். 620 என்றால் அது திருச்சிக்கு வரும். கடைசி 006, ஸ்ரீரங்கம் தபாலாபீஸ். அதற்கப்புறம் வீதியும் வீடும் அந்த ஊர்த் தபால்காரர் பாடு. டி.என்.எஸ். பெயர்களை வலது கோடியிலிருந்து இதே மாதிரி படித்துக்கொண்டு வருகிறது. உச்சியில் 'ரூட்' எனப்படும் 13 பெயர் கொண்ட சர்வர்கள். 'இன்' என்று முடிந்தால் இந்தியாவுக்கான சர்வரைக் கேள் என்று அவை கைகாட்டும். (1989-லேயே நம் தேசத்துக்கு இந்த 'இன்' ஒதுக்கப்பட்டுவிட்டது.) அந்தச் சர்வர் அடுத்த படியைக் காட்டும். இப்படியே இறங்கி வீட்டு வாசலுக்கு வந்துவிடலாம்.

வெளியுலகத்துக்கு இது சரி. ஆனால் கம்பெனிகள் வெளியாருக்குக் காட்டாத சொந்தப் பெயர்களையும் உள்ளே வைத்திருக்கின்றன. சம்பளக் கணக்கு எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்பதை ஊருக்கெல்லாம் தண்டோரா போடுவார்களா? அந்த உள்பெயர்களுக்கென்று கம்பெனிக்குள்ளேயே ஒரு டி.என்.எஸ். சர்வர் உண்டு. அதை நாம் 'பெயர்க் கணக்குப்பிள்ளை' என்று அழைப்போம். தன் கம்பெனிப் பெயர்கள் அவருக்கு மனப்பாடம். அடுத்த கம்பெனிப் பெயர்கள்? அங்கேதான் வம்பு.

இரண்டு பேரும் சொல்வது நிஜம்

உதாரணத்துக்கு நாமே இரண்டு கம்பெனிகளைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்று திருச்சியில் துவாக்குடிப் பக்கம் பாய்லர் பாகங்கள் செய்கிறது. மற்றொன்று ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு அதற்குச் சம்பளக் கணக்கு எழுதித் தருகிறது. இரண்டு காரியாலயங்களுக்கும் நடுவே, இன்டர்நெட்டின் மேலேயே, பூட்டுப்போட்ட குழாய் மாதிரி ஒரு தனி வழி. இதற்கு வி.பி.என். என்று பெயர்.

சம்பள நாள் காலை. திருச்சியில் குமாஸ்தா 'சம்பளம்' என்ற சர்வரைக் கூப்பிடுகிறார். அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது கம்ப்யூட்டர்.

"என்னப்பா, லைன் போச்சா?" என்கிறார் மானேஜர்.

"லைன் இருக்கு சார்."

"இருந்தா ஏன் வரலை?"

நெட்வொர்க் வேலை பார்க்கும் பையன் ஸ்ரீரங்கத்துக்குப் போன் செய்கிறான். அங்கிருந்து வரும் பதில்: "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார். இங்கே பேரைச் சொன்னா உடனே வருதே!"

அவர் பொய் சொல்லவில்லை. இவனும் பொய் சொல்லவில்லை. இந்தக் கோளாறின் விசேஷமே அதுதான். ஒவ்வொரு கரையிலும் நின்று பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். நடுவில்தான் ஓட்டை. ஆனால் மானேஜரின் கோபமோ, கண் முன்னால் நிற்கிற பையன் மேல்தான் விழும். பட்டறையில் சம்பளத்துக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு டி.என்.எஸ். தெரியுமா, கணக்குப்பிள்ளை தெரியுமா? பணம் வரவில்லை, அவ்வளவுதான் தெரியும்.

அனுபவசாலிகள் இந்த இடத்தில் முதலில் கேட்பது ஒரே ஒரு கேள்வி: கெட்டுப்போனது வழியா, பெயரா? பெயரை விட்டுவிட்டு எண்ணைக் கொடுத்துக் கூப்பிடு. பதில் வந்தால் வழி நன்றாக இருக்கிறது, பெயரில்தான் பிசகு. எண்ணுக்கும் பதில் இல்லையென்றால் பெயரைக் குறை சொல்லிப் பயனில்லை. 2022-ல் மராமத்துக்காகக் காவிரிப் பாலத்தை மூடினார்களே, அப்போது ஸ்ரீரங்கத்துக்குச் சுற்றிக்கொண்டு போனவர்களுக்கு விலாசம் தெரியாமல் இல்லை, வழிதான் இல்லை. இங்கே நேர்மாறு. ஒரு எச்சரிக்கை: சில சர்வர்கள் 'பிங்' என்ற விசாரிப்புக்குப் பதில் சொல்லக்கூடாது என்று கட்டளை வாங்கியிருக்கும். அதை வைத்து வழி இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

எண்ணுக்குப் பதில் வந்தவுடன் ஆசை காட்டும் ஒரு குறுக்கு வழி உண்டு. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு சிறிய குறிப்புச்சீட்டு இருக்கிறது. மென்லோ பார்க் பட்டியலின் வாரிசு அது. அதில் "சம்பளம் என்றால் இந்த எண்" என்று எழுதிவிட்டால், கம்ப்யூட்டர் கணக்குப்பிள்ளையைக் கேட்கும் முன் சீட்டைப் பார்த்து நேரே போய்விடும். அன்றைய சம்பளம் பட்டுவாடா ஆகிவிடும். பையனுக்கும் நல்ல பெயர். ஒரு வருஷம் கழித்து ஸ்ரீரங்கத்தில் அந்தச் சர்வரை மாற்றி வேறு எண் கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் வேலை செய்கிறது. சீட்டு எழுதிய அந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கிறது. எழுதியவன் வேலையை விட்டே போயிருப்பான். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் கோளாறு என்றால் முதலில் அந்தச் சீட்டைத் திறந்து பாருங்கள் என்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் இது சரியான புத்திமதி.

நாலு விதமான 'இல்லை'

கணக்குப்பிள்ளையை நேருக்கு நேர் விசாரிக்க என்.எஸ்.லுக்கப், டிக் என்று கருவிகள் இருக்கின்றன. சீட்டு, ஞாபகம் ஒன்றையும் பாராமல் நேரே சர்வரிடம் கேட்கும். திருச்சியில் இருந்துகொண்டு திருச்சிக் கணக்குப்பிள்ளையை ஒரு தரம் கேள். பிறகு ஸ்ரீரங்கம் கணக்குப்பிள்ளையையே நேராகக் கேள். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி துப்பு துலங்கிவிடும்.

அவசரப்படுகிறவர்கள் "பெயர் கிடைக்கவில்லை" என்பதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கிடைக்காததிலும் ஜாதி உண்டு.

"அப்படி ஒருவர் கிடையாது" என்பது ஒரு பதில். பெரும்பாலும் இதன் பொருள், தவறான ஆளிடம் கேட்டிருக்கிறோம் என்பதே. திருச்சிக் கணக்குப்பிள்ளைக்கு ஸ்ரீரங்கத்து உள்பெயர் தெரியாது. தெரியாததை வெளியுலகில் விசாரிக்கிறார். வெளியுலகத்துக்கு அந்தப் பெயரைக் காட்டவே இல்லையே! ஆகவே அங்கிருந்து "கிடையாது" என்று வருகிறது. அதை அப்படியே ஒப்பிக்கிறார். அல்லது கூப்பிட்டவர் 'சம்பளம்' என்று குட்டிப் பெயரை மட்டும் கொடுத்திருப்பார். கம்ப்யூட்டர் தன் கம்பெனிப் பெயரையே அதன் வாலில் ஒட்டித் தேடியிருக்கும். உத்திர வீதிக்காரர் 'தெற்கு வீதி' என்ற கதைதான்.

"உனக்குச் சொல்லமாட்டேன்" என்பது இன்னொரு பதில். ஸ்ரீரங்கம் கணக்குப்பிள்ளை உயிரோடு இருக்கிறார், வழியும் இருக்கிறது. ஆனால் அந்நியர்களுக்குப் பதில் சொல்லாதே என்று அவருக்கு உத்தரவு. திருச்சிக்காரர்கள் அந்நியர் அல்ல என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது, "முயன்று பார்த்தேன், முடியவில்லை." இவர் வேறு யாரையோ கேட்கப்போய், அங்கே ஏதோ தகராறு. விசாரணையை ஒரு படி மேலே கொண்டுபோக வேண்டும்.

நாலாவது, மௌனம். கேட்ட கேள்வி போய்ச் சேரவில்லை, அல்லது பதில் திரும்பி வரவில்லை. இரண்டு கம்பெனிகளுக்கும் நடுவில் 'ஃபயர்வால்' என்ற காவற்காரன் நிற்கிறான். டி.என்.எஸ். கேள்விகள் 53-ம் நம்பர் வாசல் வழியாகப் போகின்றன. சம்பள சர்வருக்கு உரிய வாசலைத் திறந்தவர்கள் 53-ஐத் திறக்க மறந்திருப்பார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. 53-ல் இரண்டு கதவுகள்: யு.டி.பி. ஒன்று, டி.சி.பி. ஒன்று. சாதாரணக் கேள்விகள் யு.டி.பி. வழியாகப் போகும். பதில் நீளமாகிவிட்டால் (பழைய விதிப்படி 512 பைட்டுக்கு மேல்) டி.சி.பி. வழியாக மறுபடி கேட்க வேண்டும். பலர் முதல் கதவை மட்டும் திறந்துவைக்கிறார்கள். அப்புறம் சில பெயர் வருகிறது, சில பெயர் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்!

மௌனம் என்றால் எவ்வளவு பெரிய மௌனம் ஏற்படலாம் என்பதை 2021 அக்டோபர் 4-ந் தேதி உலகம் பார்த்தது. நம் கடிகாரப்படி இரவு 9 மணி சுமாருக்கு ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே சமயத்தில் ஊமையாகின. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை, அந்தக் கம்பெனியின் உள்பாதைகளை எல்லாம் துண்டித்துவிட்டது. உள்ளே தொடர்பு அற்றுப்போனதும் அதன் டி.என்.எஸ். சர்வர்கள், "எங்களிடம் வரும் வழியை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று தாங்களே விலகிக்கொண்டன. அப்படித்தான் அவற்றை அமைத்திருந்தார்கள். சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன; அவற்றைக் கேட்கத்தான் வழியில்லை. கோளாறைச் சரிசெய்யும் உள்கருவிகளும் அதே டி.என்.எஸ்.ஸை நம்பி இருந்ததால் அவையும் கைவிட்டன. சுமார் ஆறு மணி நேரம் ஆயிற்று.

அறிமுகம்

நம் திருச்சி, ஸ்ரீரங்கம் வழக்குக்கு வருவோம். மருந்து எளிது. "இந்தப் பெயரில் முடிகிற கேள்வி வந்தால் வெளியே அலையாதே, ஸ்ரீரங்கம் கணக்குப்பிள்ளையை நேரே கேள், அவர் எண் இது" என்று திருச்சிக் கணக்குப்பிள்ளையிடம் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். இதைக் 'கண்டிஷனல் ஃபார்வர்டர்' என்கிறார்கள். திருச்சியிலிருந்து கேட்டால் பதில் சொல் என்று ஸ்ரீரங்கத்திலும் எழுதவேண்டும். அவர்களுக்கும் திருச்சிப் பெயர்கள் தேவையானால் எதிர்த்திசையில் இன்னொரு வரி. ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டு, "நான் அவரைக் கூப்பிட முடிகிறது, அவர் என்னைக் கூப்பிட முடியவில்லையே" என்று வியப்பவர்கள் உண்டு.

இதோடு முடிந்ததா? அநேகமாக இல்லை. வரியை எழுதிய பிறகும் சில கம்ப்யூட்டர்கள் "கிடையாது" என்றே சாதிக்கும். காரணம், ஞாபகசக்தி. ஒரு முறை கேட்ட பதிலைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பத்திரமாக வைத்திருப்பது டி.என்.எஸ்.ஸின் வழக்கம். 'இல்லை' என்ற பதிலையும் அது வைத்திருக்கும்! சில நிமிஷம் முதல் சில மணி நேரம் வரை. அந்த ஞாபகத்தைத் துடைக்கக் கட்டளை இருக்கிறது. அது தெரியாதவர்கள், சரியாக எழுதிய வரியையே தப்பு என்று எண்ணி அழித்துவிட்டு, ராத்திரி முழுவதும் புதுசு புதுசாக எதையோ மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் பரவலான பிசகு ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் இரண்டு கணக்குப்பிள்ளைகளின் எண்களை எழுத இடம் உண்டு. முதல் இடத்தில் கம்பெனிச் சர்வர். இரண்டாவது இடத்தில், ஆபத்துக்கு உதவட்டும் என்று, வெளியுலகப் பொதுச் சர்வர் ஒன்றை எழுதிவிடுகிறார்கள். முதலாமவருக்குத் தெரியாவிட்டால் இரண்டாமவரைக் கேட்கும் என்பது அவர்கள் எண்ணம். அப்படி இல்லை, ஐயா! முதலாமவர் வாய் திறக்காமல் இருந்தால்தான் இரண்டாமவர் பக்கம் போகும். 'கிடையாது' என்பது முழுப் பதில்; அதற்கு மேல் விசாரணை இல்லை. முதலாமவர் ஒரு கணம் தாமதித்த நேரத்தில் கேள்வி வெளியாரிடம் போய்விட்டால், அவர் "அப்படி யாரும் இல்லை" என்பார், அத்தோடு சரி. காலையில் வருகிறது, மத்தியானம் வரவில்லை என்ற புகாருக்கு இது பிரதான காரணம். உள்பெயர் தேவைப்படும் கம்ப்யூட்டரில் இரண்டு இடத்திலும் உள் சர்வரே இருக்க வேண்டும்.

ஒரே பெயர், இரண்டு ஆள்

திருச்சியும் ஸ்ரீரங்கமும் 1994 வரை தனித்தனி நகராட்சிகள். அந்த வருஷம் ஸ்ரீரங்கத்தையும் பொன்மலையையும் சேர்த்துக்கொண்டு திருச்சி மாநகராட்சி ஆயிற்று. காகிதத்தில் சேர்வது ஒரு நாள் காரியம். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இன்றைக்கும் "திருச்சி வரை போய் வருகிறேன்" என்றுதான் சொல்கிறார்கள்! கம்பெனிகள் சேரும்போதும் இப்படியே. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடும், பெயர்கள் சேர மறுக்கும்.

இரண்டு கம்பெனிகளும் தங்கள் உள்பெயருக்கு ஒரே வாலை வைத்திருந்தால் என்ன ஆவது? அப்போது ஃபார்வர்டர் எழுதியும் பயனில்லை. அந்த வால் தன்னுடையது என்றே இரண்டு கணக்குப்பிள்ளைகளும் சத்தியம் செய்வார்கள். எண்களிலும் இதே ரகளை உண்டு. 192.168 என்று தொடங்கும் எண்களையும், வேறு இரண்டு வரிசைகளையும் யார் வேண்டுமானாலும் உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று 1996-ல் விதி செய்தார்கள். அதனால் இக்கரையில் ஒரு 192.168.1.14, அக்கரையிலும் ஒரு 192.168.1.14. பெயருக்குச் சரியான எண்ணே வந்தாலும், கதவைத் தட்டினால் நம் வீட்டு பிரிண்டர் எட்டிப் பார்க்கும்.

இது வெறும் சிரமம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆபத்தும் கூட. மைக்ரோசாப்ட் கம்பெனியின் பழைய விண்டோஸ் சர்வர்கள், உள்பெயருக்கு உதாரணமாகக் 'கார்ப்' என்ற சொல்லைக் காட்டின. கணக்கற்ற கம்பெனிகள் அதை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டன. உள்ளே இருக்கும் வரை தொல்லையில்லை. ஊழியர் லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காப்பிக் கடைக்குப் போனால், அது தன் கம்பெனிச் சர்வரைத் தேடி வெளியுலகத்துக் 'கார்ப் டாட் காம்' வாசலைத் தட்டும்! மைக் ஓ'கானர் என்ற அமெரிக்கர் அந்தப் பெயரை 1994-லிருந்து வைத்திருந்தார். 2019-ல் அதைப் பரிசோதித்த நிபுணர்கள், 3,75,000-க்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லாத அந்த விலாசத்துக்குத் தகவல் அனுப்ப முயல்வதைக் கண்டார்கள். கம்பெனிக்குள் நுழைவதற்கான அடையாள விவரங்கள் கூட அவற்றில் வந்தன. தபாலையும் ஏற்றுக்கொள்ளும்படி செய்து பார்த்தபோது, ஒரு மணி நேரத்தில் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்து குவியவே, பயந்துபோய் நிறுத்திவிட்டார்கள். 2020-ல் ஓ'கானர் 17 லட்சம் டாலர் விலை சொன்னார். கெட்டவர் கையில் சிக்கிவிடக் கூடாதே என்று அந்த வருஷமே மைக்ரோசாப்ட் அதை வாங்கிவிட்டது.

பெயர்களை நிர்வகிக்கும் 'ஐகான்' என்ற சர்வதேச ஸ்தாபனமும் சும்மா இருக்கவில்லை. புதிய வால்களை உலகுக்கு விடும்போது, 2014 முதல், கொஞ்ச காலத்துக்கு 127.0.53.53 என்ற விசித்திர எண்ணைப் பதிலாகத் தரச் செய்தது. 53 என்பது டி.என்.எஸ்.ஸின் வாசல் நம்பர் அல்லவா? இந்த எண்ணைப் பார்க்கிற நெட்வொர்க்காரர், "நம் உள்பெயர் வெளிப்பெயரோடு மோதுகிறது" என்று புரிந்துகொள்ள வேண்டும். கார்ப், ஹோம், மெயில் ஆகிய மூன்று வால்களை யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2018-ல் தீர்மானித்தார்கள். 2024-ல் 'இன்டர்னல்' என்ற சொல்லை உள்பெயர்களுக்கென்றே ஒதுக்கிவைத்தார்கள். ஆனால் திருச்சியும் 'இன்டர்னல்', ஸ்ரீரங்கமும் 'இன்டர்னல்' என்று வைத்துக்கொண்டு நாளைக்குச் சேர்ந்தால் மறுபடியும் அதே சண்டைதான். கம்பெனி தன் பேரில் பதிவு செய்துள்ள பெயரின் கீழேயே ஒரு கிளையை உள்பெயருக்கு வைத்துக்கொண்டால், அந்தப் பெயர் உலகில் இன்னொருவருக்கு இருக்காது. வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்ச் செலவு.

நம் கற்பனைக் கம்பெனிகளில் அறிமுகம் முடிந்து, ஞாபகம் துடைத்து, இரண்டாம் இடத்து வெளியாரை நீக்கி, சம்பளமும் பட்டுவாடா ஆகிவிட்டது. பாக்கி ஒன்றுதான். திருச்சிக் கணக்குப்பிள்ளையிடம் எழுதியிருப்பது ஸ்ரீரங்கத்தவரின் எண். தீபாவளி லீவில் அங்கே புதுச் சர்வர் வைத்து எண்ணை மாற்றினால், லீவு முடிந்த காலையில் இங்கே மௌனம். அதனால் அனுபவஸ்தர்கள் ஒன்றுக்கு இரண்டு எண்களாக எழுதிக்கொள்கிறார்கள்; பழைய சர்வரைப் புதியது வந்த பிறகும் சில வாரங்கள் ஓடவிடுகிறார்கள். சர்வர் பெட்டியின் கதவில், அக்கரைக்காரரின் பெயரையும் டெலிபோன் நம்பரையும் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவைக்கிறவர்களும் உண்டு. அவர் வேலை மாறிப் போனால் அந்தக் காகிதத்தையும் மாற்ற வேண்டும்.